இலியா மெச்னிகோவ்: நோயெதிர்ப்பில் தொடங்கி முதுமையியலுக்கு வந்த அறிவியல் பயணம்

உடலைக் காக்கும் செல்களே வயது ஏறும்போது அவ்வுடலைச் சிதைக்கவும் செய்கின்றனவா? வேலியே பயிரை மேய்கிறதா என்பதைப் போன்ற இக்கேள்வியை ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர் இலியா இலீச் மெச்னிகோவ். நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் செல்களைக் கண்டறிந்ததற்காக 1908-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், முதுமை குறித்த ஆய்வுக்குத் தனித்துறையும் அதற்கொரு பெயரும் வேண்டும் என்று கூறி, 'முதுமையியல்' என்ற பொருள்படும் சொல்லை 1903-இல் அறிமுகப்படுத்தினார்.

நோயெதிர்ப்பு குறித்து அவர் கூறியவற்றுள் பெரும்பகுதி இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. முதுமை குறித்து அவர் கூறியவற்றுள் பல தவறு எனப் பின்னர் நிரூபிக்கப்பட்டன. எனினும், நோயெதிர்ப்பு, குடல்வாழ் நுண்ணுயிரிகள், முதுமை ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்து அவர் எழுப்பிய கேள்வி இன்றைய ஆய்வுகளில் மீண்டும் மையத்துக்கு வந்துள்ளது.

ஒரு பார்வையில்

பிறப்பு: 1845 மே, கார்கிவ் பகுதி (அன்றைய ரஷ்யப் பேரரசு, இன்றைய உக்ரைன்)
துறைகள்: விலங்கியல், கருவளர்ச்சியியல், நோயெதிர்ப்பியல், முதுமையியல்
முதன்மைக் கண்டுபிடிப்பு: விழுங்கு செல்களின் நோயெதிர்ப்புப் பணி (1882-83)
பணியிடங்கள்: ஒடெசா பல்கலைக்கழகம், பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் (1888 முதல்)
நோபல் பரிசு: 1908, பால் எர்லிக்குடன் பகிர்வு
மறைவு: 1916 ஜூலை, பாரிஸ்

இளமையும் கல்வியும்

ரஷ்ய அரசின் காவற்படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர் மெச்னிகோவின் தந்தை. தாய் எமிலியா, யூத எழுத்தாளர் ஒருவரின் மகள். சிறுவயதிலேயே செடிகொடிகளிலும் சிற்றுயிர்களிலும் ஈடுபாடு கொண்ட மெச்னிகோவ், கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளுக்குரிய இயற்கை அறிவியல் படிப்பை இரண்டே ஆண்டுகளில், 1864-இல் நிறைவு செய்தார். பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும் கடல்வாழ் உயிரினங்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார்.

1865-இல் ஜெர்மனியின் கீசென் நகரில் தட்டைப்புழு ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் உணவு குடற்குழியில் அன்றி, செல்களின் உள்ளேயே செரிப்பதை அவர் கண்டார். அன்றைக்கு இது விலங்கியலாளர்களுக்கு மட்டுமே ஆர்வமூட்டும் செய்தியாக இருந்தது. ஆயினும், செல் தனக்கு வெளியே உள்ள ஒன்றைப் பற்றி இழுத்து, விழுங்கி, செரிக்கவல்லது என்ற இக்கருத்தே அவரது பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

1870-இல் ஒடெசாவில் விலங்கியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. மெச்னிகோவ் மருத்துவம் பயின்றவர் அல்லர். நோயெதிர்ப்பியலின் நிறுவனர்களுள் ஒருவர் விலங்கியலாளராக இருந்தார் என்பது அவரது ஆய்வு முறையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

துயரம் சூழ்ந்த ஆண்டுகள்

அவரது சொந்த வாழ்வு அந்நாட்களில் நோயாலும் இழப்பாலும் நிறைந்திருந்தது. 1869-இல் லுத்மிலா என்பவரை மணந்தார். காசநோயால் நலிந்திருந்த மணமகள், திருமணத்துக்காக நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். உடல்நலம் தேடிச் சென்ற மதீரா தீவில் 1873-இல் லுத்மிலா உயிரிழந்தார். மனமுடைந்த மெச்னிகோவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார்.

1875-இல் ஓல்கா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 1880-இல் ஓல்கா டைபாய்டு காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் நிலவிய அரசியல் நெருக்கடியும் மெச்னிகோவை வாட்டியது. 1881-இல், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சலுக்கு ஆளான நோயாளியின் இரத்தத்தை அவர் தன் உடலில் செலுத்திக்கொண்டார். அந்நோய் இரத்தத்தின் வழியே பரவுமா என்பதை அறியும் சோதனை எனக் கருதப்பட்டாலும், உயிர்மீதான பற்று அற்ற நிலையிலேயே அவர் அதனைச் செய்தார் என அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கடும் நோய்க்குப் பின் அவர் உடல்நலம் தேறினார். வாழ்வின் மீதான விருப்பமும் திரும்பியது.

அதே 1881-இல் அவருடைய அண்ணன் இவான் நோயுற்று இறந்தார். நீதித்துறை அதிகாரியான இவானின் மறைவே, எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலீச்சின் மரணம்' என்ற புகழ்பெற்ற கதைக்குத் தூண்டுதலாக அமைந்தது. நோயும் மரணமும் இவ்வாறு தம் வீட்டு வாசலில் நின்றதைக் கண்ட மெச்னிகோவ், பிற்காலத்தில் முதுமையையும் மரணத்தையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்கள் மீதான கெடுபிடி அதிகரித்தது. 1882-இல் பதவியைத் துறந்த மெச்னிகோவ், மனைவியுடனும் அவருடைய இளைய உடன்பிறப்புகளுடனும் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகருக்குச் சென்றார். கடலோர வீட்டின் கூடமே அவரது ஆய்வகம் ஆயிற்று.

அவ்வாண்டின் இறுதியில், வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த ஒருநாள், நட்சத்திர மீனின் இளம்உயிரியை மெச்னிகோவ் நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளி ஊடுருவும் தன்மை கொண்ட அவ்வுயிரியின் உடலினுள் சில செல்கள் இடம்விட்டு இடம் நகர்வதை உயிரோட்டமாகவே காண முடிந்தது. இத்தகைய செல்கள் உணவைச் செரிப்பதோடு, உடலுக்குள் நுழையும் அயற்பொருளிடமிருந்து உயிரியைக் காக்கவும் கூடும் அல்லவா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது.

எண்ணம் சரியானால், நட்சத்திர மீனின் இளம்உயிரியில் முள்ளைச் செருகினால் நகரும் செல்கள் அதனைச் சூழ வேண்டும். தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்துவந்து அவ்வுயிரிகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அதிகாலையில் பார்த்தபோது, முட்களைச் சுற்றிச் செல்கள் திரண்டு நின்றன.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுவதை அனைவரும் அறிவர். மனித உடலில் அங்கே திரள்பவை இரத்த வெள்ளையணுக்கள். ஆனால் நட்சத்திர மீனுக்கு இரத்தக் குழாய்களும் இல்லை. நரம்பு மண்டலத்தின் தலையீடும் அதில் பெரிதாக இல்லை. ஆகவே, அழற்சி எனப்படும் வீக்கம் இரத்தக் குழாய்களில் ஏற்படும் கோளாறு அன்று. அயற்பொருளை எதிர்த்துச் செல்கள் மேற்கொள்ளும் தற்காப்பு நடவடிக்கை என்ற முடிவுக்கு அவர் வந்தார். வெள்ளையணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புகின்றன என்று மருத்துவர் பலர் நம்பிய காலத்தில், இது முற்றிலும் எதிர்மாறான கருத்து.

வியன்னாவைச் சேர்ந்த விலங்கியலாளர் கார்ல் கிளாஸ், விழுங்கும் செல் எனப் பொருள்படும் 'பேகோசைட்' என்ற கிரேக்கவழிச் சொல்லைப் பரிந்துரைத்தார். 1883-இல் ஒடெசாவில் நடைபெற்ற மாநாட்டில் மெச்னிகோவ் தம் கோட்பாட்டை அறிவித்தார். 1884-இல் நீர்த்தெள்ளு எனும் மிகச் சிறிய நன்னீர் உயிரியை ஆராய்ந்து, அதன் உடலுக்குள் புகுந்த பூஞ்சை வித்துகளை விழுங்கு செல்கள் அழித்தால் அவ்வுயிரி பிழைப்பதையும், செல்கள் தோற்றால் அது மடிவதையும் காட்டினார். நோய் என்பது கிருமிக்கும் உடலின் செல்களுக்கும் இடையிலான போராட்டம் என்பது இதன்மூலம் கண்முன் காட்டப்பட்டது.

பாரிஸ் நகரில் 28 ஆண்டுகள்

வெறிநாய்க்கடிக்கு லூயி பாஸ்டர் தடுப்பூசி கண்டறிந்ததைத் தொடர்ந்து, 1886-இல் ஒடெசாவில் நுண்ணுயிரியல் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, மெச்னிகோவ் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார். மருத்துவர் அல்லாத ஒருவர் அப்பொறுப்பில் இருப்பதை உள்ளூர் மருத்துவர்கள் ஏற்கவில்லை. ஆட்டு மந்தைகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போடப்பட்டபோது ஏராளமான ஆடுகள் மடிந்ததும் எதிர்ப்பை வலுப்படுத்தியது.

வேறிடம் தேடிய அவருக்கு, பெர்லினில் ராபர்ட் காக்கிடமிருந்து உற்சாகமான வரவேற்பு கிடைக்கவில்லை. பாரிஸில் பாஸ்டரோ புதிதாக நிறுவப்பட்ட தம் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கென ஓர் ஆய்வகத்தையே ஒதுக்கித் தந்தார். 1888-இல் அங்கு சென்ற மெச்னிகோவ், இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

இதனிடையே, அவரது கோட்பாட்டுக்கு ஜெர்மனியிலிருந்து கடும் சவால் எழுந்தது. 1890-இல் எமில் வான் பெரிங், கிட்டசாட்டோ ஷிபாசபுரோ ஆகியோர், தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் பொருள் இரத்த நீரில் இருப்பதை நிரூபித்தனர். எதிர்ப்பொருள் என்று இன்று அழைக்கப்படும் இப்பொருள்களே நோயைத் தடுக்கின்றன. செல்கள் வெறும் குப்பை அள்ளும் வேலையையே செய்கின்றன என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர்.

உடலைக் காப்பது செல்லா, இரத்த நீரா என்ற இவ்விவாதம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் நீடித்தது. மெச்னிகோவின் ஆய்வகத்திலேயே பணியாற்றிய ஜூல் போர்டே, 1895-இல் இரத்த நீரில் உள்ள மற்றொரு நோயெதிர்ப்புக் கூறின் செயல்பாட்டை விளக்கினார். 1903-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆல்ம்ரோத் ரைட், இரத்த நீரில் உள்ள பொருள்கள் கிருமிகளின் மீது படிந்து, அவற்றை விழுங்கு செல்கள் எளிதில் விழுங்க உதவுவதாகக் காட்டினார். இரு தரப்பும் தனித்தனி உண்மைகளைப் பற்றிக்கொண்டிருந்தன என்பது இதன்மூலம் தெளிவாயிற்று.

1908-ஆம் ஆண்டு நோபல் பரிசு, செல்வழி நோயெதிர்ப்புக்காக வாதிட்ட மெச்னிகோவுக்கும், எதிர்ப்பொருள் கோட்பாட்டை வகுத்த ஜெர்மானியர் பால் எர்லிக்குக்கும் கூட்டாக வழங்கப்பட்டது.

இந்தியத் தொடர்பு

ஒடெசாவில் மெச்னிகோவிடம் பயின்றவர்களுள் ஒருவர் வால்டெமர் ஹாஃப்கின். யூதர் என்பதால் ரஷ்யாவில் முன்னேற வழியற்றிருந்த அவர், ஆசிரியரைப் பின்தொடர்ந்து பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து, தொடக்கத்தில் உதவி நூலகராகப் பணியாற்றினார். 1892-இல் காலரா தடுப்பூசியை உருவாக்கித் தம் உடலிலேயே சோதித்த ஹாஃப்கின், 1893-இல் கொல்கத்தா வந்து பெருமளவில் தடுப்பூசி போடும் பணியை மேற்கொண்டார்.

மும்பையில் 1896-இல் பிளேக் நோய் பரவியபோது அதற்கும் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். மும்பை பரேல் பகுதியில் இயங்கிவரும் ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முதுமையை நோக்கித் திரும்பிய பார்வை

ஐம்பது வயதைக் கடந்த நிலையில் மெச்னிகோவின் கவனம் முதுமையின் பக்கம் திரும்பியது. இது அவரது பழைய ஆய்வின் தொடர்ச்சியே என்பது குறிப்பிடத்தக்கது. விழுங்கு செல்களை அவர் இரு வகையாகப் பிரித்திருந்தார். கிருமிகளை உடனடியாகத் தாக்கும் சிறியவை ஒருவகை. இறந்த செல்களையும் சிதைந்த திசுக்களையும் அகற்றும் பெரியவை மற்றொரு வகை. பின்னதற்கு அவர் சூட்டிய 'மேக்ரோபேஜ்' என்ற பெயரே இன்றும் வழங்குகிறது.

தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் கரைவது இச்செல்களின் வேலை என்பதை அவர் அறிந்திருந்தார். தேவையற்ற பகுதியை உண்ணும் செல்கள், முதுமையில் தேவையான பகுதிகளையும் உண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நரைத்த முடியை ஆராய்ந்து, நிறமிகளைச் செல்கள் விழுங்கி அகற்றுவதாலேயே முடி வெளுக்கிறது என்றார். முதியோரின் மூளையில் நரம்புச் செல்களைச் சுற்றி விழுங்கு செல்கள் நிற்பதைக் கண்டு, அவை நரம்புச் செல்களை அரித்துத் தின்பதாகக் கருதினார். காவலன் களைத்துப்போவதன்று, திசை தவறுவதே முதுமை என்பது அவரது கோட்பாட்டின் சாரம்.

அவ்வாறாயின், காவலனைத் திசை திருப்புவது எது? பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் என்பது அவர் கண்ட விடை. அங்குள்ள சில நுண்ணுயிரிகள் உணவை அழுகச் செய்து நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன. அவை இரத்தத்தில் கலந்து உறுப்புகளை நலிவுறச் செய்கின்றன. நலிந்த செல்களை மேக்ரோபேஜ்கள் உண்கின்றன என்று அவர் விளக்கினார். இதற்குச் சான்று தேடி, நீண்ட நாள் வாழும் பறவைகளின் குடலையும், மிகக் குறுகிய பெருங்குடல் கொண்ட பழந்தின்னி வௌவால்களையும் ஆராய்ந்தார்.

குடல் நுண்ணுயிரிகள் மீதான இந்த ஆர்வத்துக்கு முந்தைய அனுபவம் ஒன்றும் காரணம். 1892-இல் பாரிஸில் காலரா பரவியபோது, காலராக் கிருமிகள் அடங்கிய நீரை அவர் தாமே அருந்தினார், நோய் வரவில்லை. அவ்வாறே அருந்திய வேறொரு தன்னார்வலர் கடும் நோய்வாய்ப்பட்டு மயிரிழையில் உயிர் பிழைத்தார். ஒரே கிருமி இருவரிடம் இருவேறு விளைவை ஏற்படுத்தக் காரணம், அவரவர் குடலில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிரிகளாக இருக்கலாம் என அவர் எண்ணினார்.

தயிர் அலை

1903-இல் 'மனித இயல்பு' குறித்தும், 1907-இல் ஆயுளை நீட்டிப்பது குறித்தும் அவர் எழுதிய நூல்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. முதுமை என்பது விதியன்று. காரணங்களைக் கண்டறிந்து தணிக்கத்தக்க ஒரு நிலை என்பதே அவற்றின் மையக் கருத்து.

1904-இல் பாரிஸில் முதுமை குறித்து அவர் ஆற்றிய உரை, எதிர்பாராத விளைவை ஏற்படுத்தியது. பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குவதால் குடலில் அழுகல் குறையும் என்ற தம் கருத்தையும், தயிர் அதிகம் உண்ணும் பல்கேரிய மக்களிடையே முதியோர் பலர் காணப்படுவதையும் அவர் சுட்டிக்காட்டினார். 1905-இல் ஜெனீவாவில் ஆய்வு மேற்கொண்டிருந்த பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், அந்நாட்டுத் தயிரின் நுண்ணுயிரியை இனங்கண்டார். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் தயிரும் தயிர் மாத்திரைகளும் மருந்தாக விற்கப்பட்டன. வணிகர்கள் மெச்னிகோவின் பெயரை விளம்பரங்களில் பயன்படுத்தினர்.

தயிர் முதுமையைத் தடுக்கும் அருமருந்து என்று தாம் கூறவில்லை என மெச்னிகோவ் விளக்கமளிக்க நேர்ந்தது. எனினும் அலை ஓயவில்லை. பார்சிலோனாவில் 1919-இல் தொடங்கிய டனோன் நிறுவனமும், 1930-களில் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா உருவாக்கிய யாகுல்ட் பானமும் இவ்வழி வந்தவையே. தயிரும் மோரும் அன்றாட உணவின் பகுதியாக உள்ள இந்தியாவில், இன்று கடைகளில் 'புரோபயாடிக்' என்ற பெயரில் தனியே விற்கப்படும் பொருள்களின் வரலாறும் இங்கிருந்தே தொடங்குகிறது.

எங்கே தவறினார்?

மெச்னிகோவின் முதுமைக் கோட்பாட்டில் பல பகுதிகள் காலச் சோதனையில் நிலைக்கவில்லை. பல்கேரியத் தயிரின் நுண்ணுயிரி மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்பதை 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். முறையான பிறப்புப் பதிவேடுகள் இல்லாத காலத்து முதியோரின் வயதைச் சான்றாகக் கொள்வதும் ஐயத்துக்குரியது. முடி நரைப்பதற்கு, நிறமியைத் தோற்றுவிக்கும் செல்கள் குறைவதே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

குடல் அழுகலே அனைத்து நோய்களுக்கும் மூலம் என்ற கருத்து அவரைத் தாண்டியும் சென்றது. லண்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல் உள்ளிட்ட காரணங்களுக்காக நோயாளிகளின் பெருங்குடலையே அகற்றினார். முழுமையாக நிரூபிக்கப்படாத கோட்பாடு சிகிச்சையாக மாறும்போது நேரும் ஆபத்துக்கு இது வரலாற்றுச் சான்றாக அமைந்தது. இத்தகைய மிகைகளால், குடலையும் முதுமையையும் இணைத்துப் பேசுவதே அறிவியலாளர்களிடையே நீண்ட காலம் ஏளனத்துக்குரியதாக இருந்தது.

மீண்டும் எழுந்த கேள்வி

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் எதிர்ப்பொருள்களும், டி செல், பி செல் எனப்படும் வெள்ளையணுக்களுமே நோயெதிர்ப்பியலின் மையமாக விளங்கின. நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியின் முக்கியத்துவத்தை 1961-இல் ஜாக் மில்லர் வெளிப்படுத்தினார். புதிய டி செல்கள் முதிர்ச்சி பெறும் இச்சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்குகிறது. புதிய கிருமியையோ புதிய தடுப்பூசியையோ எதிர்கொள்ளும்போது முதியோரின் உடல் மந்தமாகச் செயல்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1969-இல் அமெரிக்க ஆய்வாளர் ராய் வால்ஃபோர்ட், நோயெதிர்ப்பு மண்டலத்தின் மாற்றங்களே முதுமைக்கு அடிப்படை என்ற கோட்பாட்டை நூலாக வெளியிட்டார்.

2000-ஆம் ஆண்டில் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியோ பிரான்செஸ்கியும் அவருடைய குழுவினரும், அழற்சி, முதுமை ஆகிய இரு சொற்களையும் இணைத்து ஒரு புதிய கலைச்சொல்லை உருவாக்கினர். முதியோரின் உடலில் எந்தத் தொற்றும் இல்லாதபோதும் மெல்லிய அழற்சி இடைவிடாது நீடிக்கிறது. மேக்ரோபேஜ்கள் அதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இதய நோய், நீரிழிவு, மறதி நோய் போன்றவற்றுடன் அது தொடர்புடையது என்பது இக்கருத்தாக்கத்தின் சாரம். முள் தைத்தால் எழுந்து, பின் தணிய வேண்டிய அழற்சி, முள்ளே இல்லாதபோதும் தணியாமல் கனன்றுகொண்டிருப்பதாக இதனைப் புரிந்துகொள்ளலாம்.

2011-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, உடலில் பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு எவ்வாறு தூண்டப்படுகிறது என்பதைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர், ஜூல் ஹாஃப்மன் ஆகியோருக்கும், டெண்ட்ரைட் செல்களைக் கண்டறிந்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கும் வழங்கப்பட்டது. மெச்னிகோவ் தொடங்கிவைத்த துறைக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த பெரும் அங்கீகாரமாக இது கருதப்படுகிறது.

2017-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு மெச்னிகோவின் பழைய கேள்விக்கு மிக அருகில் வந்தது. நுண்ணுயிரிகள் ஏதுமற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகள் முதுமை அடைந்தபோதும், வழக்கமாக வயதுடன் கூடும் அழற்சி அவற்றிடம் காணப்படவில்லை. அவற்றின் மேக்ரோபேஜ்கள் கிருமிகளைக் கொல்லும் திறனையும் இழக்கவில்லை. சாதாரண எலிகளில் வயது ஏறும்போது குடற்சுவரின் தடுப்பு நலிந்து, நுண்ணுயிரிகளின் கூறுகள் இரத்தத்தில் கசிவதும் தெரியவந்தது. இம்முடிவு எலிகளில் பெறப்பட்டது. மனிதருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. எனினும், குடல், மேக்ரோபேஜ், முதுமை என மெச்னிகோவ் வரைந்த முக்கோணத்தை நவீனக் கருவிகள் மீண்டும் வரைந்து காட்டியுள்ளன.

இறுதி நாட்கள்

முழுமையான வாழ்வை வாழ்ந்து முடித்தவருக்கு, நாள் முழுதும் உழைத்தவருக்கு உறக்கம் வருவதைப்போல் மரணமும் இயல்பாக வரும் என்று மெச்னிகோவ் நம்பினார். மனிதர் மரணத்துக்கு அஞ்சுவது, காலத்துக்கு முன்பே இறப்பதால்தான் என்பது அவரது வாதம். இளமையில் உயிரை வெறுத்த ஒருவர், முதிர்ந்த வயதில் வாழ்வை நீட்டிப்பதன் உறுதியான ஆதரவாளராக மாறியிருந்தார். 1909-இல் டால்ஸ்டாயை அவரது இல்லத்தில் சந்தித்தபோதும் வாழ்வும் மரணமும் குறித்து இருவரும் உரையாடினர்.

1914-இல் மூண்ட முதல் உலகப் போர் அவரை வெகுவாகப் பாதித்தது. இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குச் சென்றதால் ஆய்வகம் வெறிச்சோடியது. இதய நோயால் பாதிக்கப்பட்ட மெச்னிகோவ், தம் உடல்நிலையையும் ஆய்வுக் குறிப்பாகவே பதிவு செய்துவந்தார். தாம் இறந்தபின் தம் குடலைக் கவனமாகப் பரிசோதிக்குமாறு உடன் பணியாற்றிய மருத்துவரைக் கேட்டுக்கொண்டார். 1916 ஜூலையில், 71-ஆவது வயதில் பாஸ்டர் நிறுவன வளாகத்திலேயே அவர் காலமானார். அவரது அஸ்திக் கலசம் அந்நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மனைவி ஓல்கா எழுதிய வாழ்க்கை வரலாறே அவரைப் பற்றிய முதன்மை ஆவணமாகத் திகழ்கிறது.

இன்றைய பொருத்தம்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். 2050-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவ்வயதினராக இருப்பார் என மதிப்பிடப்படுகிறது. கொரோனா பெருந்தொற்றில் முதியோரே அதிகம் உயிரிழந்தனர். 2021 மார்ச் 1-ஆம் தேதி பொதுமக்களுக்கான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் விரிவுபடுத்தப்பட்டபோது 60 வயதைக் கடந்தோருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். முதியோரின் நோயெதிர்ப்பு ஏன் தளர்கிறது, அதே வேளையில் அழற்சி ஏன் கூடுகிறது என்ற கேள்வி இனி ஆய்வகங்களுக்கு மட்டும் உரியதன்று.

இக்கேள்விக்கு மெச்னிகோவ் அளித்த விடை ஒரு கிண்ணத் தயிர் என்று சுருக்கிக் கூறுவது வழக்கம். அவர் விட்டுச்சென்றது அதனினும் பெரிது. முதுமையை விதி என்று ஏற்று அமைதி கொள்ளாமல், நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் காரணம் தேடலாம் என்பதை அவர் காட்டினார். அவர் கண்ட விடைகளுள் பல உதிர்ந்துவிட்டன. கேள்வி மட்டும் முதுமை எய்தவில்லை.